எட்டு மணி அக்கா

ஜூன் 3, செவ்வாய்

வாயாடிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதித் தொலை என்று நீ சொன்னது நல்ல யோசனைதான். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது.

கால் மாவுக்கட்டோடு எதிர் நாற்காலியில் கிடக்கிறது. பல் டாக்டர் கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள், அந்தக் கிளினிக்கின் ஈரப் படியிலேயே வழுக்கி விழுந்தேன். டாக்டர் ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி, "பல்லு ஏதும் ஆடலியே?" என்பதுதான். ஆறு வாரத்துக்கு நான் எங்கும் போக முடியாது. இந்த சீசனில் புதிதாக ஆரம்பித்த நிகழ்ச்சிகளை எல்லாம் பார்த்து அபிப்பிராயம் எழுதச் சொல்கிறாய். டிவிக்கு வசனம் எழுதுகிறவளுக்கு வெட்டியாக இருக்கும் அக்கா தேவைப்படுகிறாள், சரி.

ஆறரை மணிக்குத் தம்பதிகள் போட்டி. கணவன் கண்ணைக் கட்டிக்கொண்டு நான்கு பெண்களின் மூக்கைத் தொட்டுப் பார்த்துத் தன் மனைவியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவன் தப்பான மூக்கைப் பிடித்துக்கொண்டு "இது இது" என்று குதித்தான். அவன் மனைவி கேமராவுக்காகச் சிரித்தாள். வீட்டுக்குப் போனதும் அவனுக்கு இருக்கிறது. உன் மாமா செய்திச் சேனலுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, மாற்றாமல் கடைசி வரை நின்று பார்த்தார்.

ஏழு மணிக்குப் பாட்டுப் போட்டி. பாடுகிறவர்களைவிட நடுவர்கள்தான் நன்றாக அழுகிறார்கள். நடுவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியைக் கழற்றினாலே நான் எழுந்து டீ போடப் போய்விடுவேன், கட்டுக் காலோடு.

எட்டு மணிக்கு உன்னுடையது. ஒரு வாரம் பார்த்தாயிற்று. வசனம் பரவாயில்லை. முடிவில் உன் பெயர் இரண்டு வினாடி வருகிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். கீழ்வீட்டில் துணிக்கடை வைத்திருப்பவள் என்னோடு உட்கார்ந்து பார்க்கிறாள். "உங்க தங்கச்சியா எழுதுறாங்க? நீங்க ஏன் இப்படி எதுவும் செய்யல?" என்றாள். அன்றைக்கு அவளுக்கு டீ கொடுக்க மறந்துவிட்டேன்.

ஒன்பது மணி தொடரைத்தான் சொல்ல வேண்டும். பூட்டுக்கு மாற்றுச் சாவி செய்கிற ஒருவர் குடியிருப்பில் நடக்கும் திருட்டுகளைக் கண்டுபிடிக்கிறார். வாய் விட்டுச் சிரித்தேன். யார் எழுதுகிறார் என்று தெரியவில்லை, தேர்ந்த கை. தெரிந்தால் சொல்.

அக்கா


ஜூன் 10, செவ்வாய்

அக்கா,

யார் எழுதுகிறார் என்று நன்றாகவே தெரியும். அந்த ஆள் எங்கள் கட்டடத்தில் எனக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அறையில் ஜன்னலைத் திறந்தால் மரம் தெரியும். என் ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் புகை வரும். அவர் நாற்காலிக்குக் கை உண்டு, எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் யோசிக்கும்போது நடப்பார். தலைக்கு மேலே டொக் டொக்கென்று கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் உன் கடிதத்தைப் படித்தேன். "வாய் விட்டுச் சிரித்தேன்" என்ற இடத்தில் மடித்துப் பையில் போட்டுவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

என் கதைக்குப் "பரவாயில்லை". நீ பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நான் எழுதியதைப் பார்த்து நீ ஒரு தடவை சிரித்தது உண்டா? பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் பரிசு கிடைத்தபோதுகூட, "போன வருஷம் நல்ல பசங்க எல்லாம் இருந்தாங்க, இந்த வருஷம் போட்டியே இல்ல" என்றாய். எனக்கு மறக்கவில்லை.

இப்போது அழுகிற நிலைமையில் இருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன். முப்பது எபிசோடுக்குள் பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஏறாவிட்டால் தொடரை இழுத்து மூடிவிடுவார்கள். இரவு எட்டு மணிக்கான இடத்தையும் மேல்மாடிக்காரருக்கே கொடுத்துவிடுவதாகப் பேச்சு. அவர் சாவிக்காரரை வைத்து இரண்டு தொடர் நடத்துவார், நான் பழைய அச்சகத்துக்கே போக வேண்டும். அவர் பெயரைக் கேட்காதே. என் தொடரைப் பற்றி எழுது. முக்கியமாக அந்த அக்கா பாத்திரத்தைப் பற்றி, 'பெரியவள்' என்று கூப்பிடுகிறார்களே, அவளைப் பற்றி. அவள் எடுபடுகிறாளா?

வாயாடி


ஜூன் 16, திங்கள்

வாயாடிக்கு,

எடுபடுகிறாளாவா? என்ன தைரியம் உனக்கு.

முதலில் எனக்குப் பொறி தட்டவில்லை. போன புதன்கிழமை பெரியவள் சமையலறையில் நின்று குழம்பைக் கிளறிவிட்டு, கரண்டியைப் பாத்திர விளிம்பில் இரண்டு முறை தட்டினாள். உன் மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அடுப்பை அணைச்சிட்டியா?" என்று என்னைக் கேட்டார். நான் சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் எல்லாம் தெரிந்தது. குழாயை மூடிவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை திருகுவது. கோபம் வந்தால் துணி மடிப்பது. யாராவது நல்ல சேதி சொன்னால் முதலில் "யாரு சொன்னா?" என்று கேட்பது. வெள்ளிக்கிழமை அவள் தங்கைக்கு வேலை கிடைத்தது என்றதும் அந்தக் கேள்வியைக் கேட்டாள். துணிக்கடைக்காரி என் தோளில் கையை வைத்து, "இவ வயித்தெரிச்சலைப் பாருங்க, மூஞ்சியிலயே தெரியுது" என்றாள். கிளினிக்கில் பல் கட்டுகிற பெண் போன் செய்து, வருகிற நோயாளிகள் எல்லாம் வாயில் பஞ்சோடு பெரியவளைத் திட்டுகிறார்கள் என்று சிரித்தாள். ஊரே என்னைத் திட்டுகிறது, எனக்குத்தான் சேதி கடைசியாக வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதங்களுக்கு முன்னால் நான்கு மாதம் நீ எனக்கு எழுதவில்லை, சரியாகப் பேசவில்லை. அந்த நான்கு மாதமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை இவளோடுதான் உட்கார்ந்திருக்கிறாய். இவள் என்ன நினைப்பாள், எதற்கு முகம் சுளிப்பாள், இவளுக்கு ராத்திரி தூக்கம் வருமா என்று யோசித்திருக்கிறாய். எனக்குத் தூக்கம் வருகிறதா என்று என்றைக்காவது கேட்டாயா? நடிக்கிற பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, இடுப்பும் குறைவு. என்னைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருக்கிறது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

அவள் பேசுவதெல்லாம் நன்றாக இருக்கிறது. எனக்கு வாயில் வராததெல்லாம் அவளுக்கு வருகிறது. அதுதான் இன்னும் எரிகிறது.

அக்கா


ஜூன் 20, வெள்ளி

அக்கா,

ஒப்புக்கொள்கிறேன். கரண்டி உன்னுடையது, குழாய் உன்னுடையது, "யாரு சொன்னா"வும் உன்னுடையதுதான். வேறு எந்த மனுஷியையும் எனக்கு அவ்வளவு தெரியாது. முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய்.

எண்ணிக்கை ஏறியிருக்கிறது, பெரியவளால்தான். கூட்டத்தில் மேல்மாடிக்காரர் என்னைப் பார்த்து, "அந்த அக்காவை எங்க புடிச்சீங்க?" என்று கேட்டார். முகத்தில் நல்ல எரிச்சல் தெரிந்தது. அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இறங்கியது.

வியாழக்கிழமை எபிசோடைத் தவறாமல் பார். தொடர் நிற்குமா விழுமா என்பது அதில்தான் இருக்கிறது. பெரியவளுக்குப் பெரிய காட்சி. பார்த்துவிட்டு, மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுது. உன்னிடமிருந்து அந்த ஒரு கடிதத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

வாயாடி


ஜூன் 27, வெள்ளி

வாயாடிக்கு,

பார்த்தேன். ஒளிக்காமல் எழுது என்றாய், எழுதுகிறேன். இப்படி ஊரைக் கூட்டிச் சொல்லிக் காட்டியிருக்க வேண்டாம். நேரே வந்து கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம்.

தங்கைக்கு வந்த கடிதத்தைப் பெரியவள் வாங்குகிறாள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அலமாரியைத் திறந்து, மூன்றாவது தட்டில் விரித்திருக்கும் தாளைத் தூக்கி, அடியில் வைத்துவிட்டு, துணி மடிக்க உட்காருகிறாள். துணிக்கடைக்காரி "அடிப்பாவி" என்றாள். நான் டிவியை அணைக்கச் சொன்னேன், கால் வலிக்கிறது என்று.

எப்போது கண்டுபிடித்தாய்? அம்மா வீட்டைக் காலி செய்தபோதா? இருபது வருடத்துக்கு முந்தின சேதியைத் தெரிந்துகொண்டேதான் என் வீட்டுக்கு வந்து போனாயா?

என் பக்கத்தையும் கேள். நாடக எழுத்துப் பயிற்சிக்கு நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் விண்ணப்பம் போட்டோம். ஒரே பேனா, ஒரே மேசை. எனக்கு முதலில் பதில் வந்தது. ஒற்றைத் தாள், இரண்டு வரி, தேர்வாகவில்லை. நான் உனக்கும் அம்மாவுக்கும் சிரித்துக்கொண்டே காட்டினேன். நான்கு நாள் கழித்து உன் பெயருக்கு வந்தது. கையில் வாங்கும்போதே கனம் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல அவ்வளவு தாள் எதற்கு? உள்ளே சேர வேண்டிய நாள், விதிமுறை, படிவம் எல்லாம் இருக்கும் என்று புரிந்தது. நான் பிரிக்கவில்லை. பிரிக்காமலே எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது.

நாளைக்குக் கொடுக்கலாம் என்றுதான் வைத்தேன். மறுநாள் நீ தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நின்றாய். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். உனக்கும் வராமல் இருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுதான் உண்மை. ஒரு நாள் இரண்டு நாளாயிற்று, சேர வேண்டிய மாதம் போயிற்று. நீ அச்சகத்தில் சேர்ந்து, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டில் பிழை திருத்திக்கொண்டு ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தாய். எனக்கு உன்மேல் பொறாமை. நீ எழுத ஆரம்பிக்கும் முன்பிருந்தே பொறாமை.

அதைக் கிழிக்கவும் மனது வரவில்லை. அம்மாவின் அலமாரி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. தாளை எத்தனையோ முறை மாற்றிவிட்டேன், உறை அதே மூன்றாவது தட்டில்தான் இருக்கிறது.

அக்கா


ஜூலை 5, சனி

எனக்குத் தெரியாது.

நீ எழுதிய எதுவும் எனக்குத் தெரியாது. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. உனக்குப் போட்ட இரண்டு வரியைக்கூட எனக்குப் போடத் தோன்றாத இடம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கடிதத்தை ஒளிக்காமல் எந்த சீரியலும் முப்பது எபிசோடைத் தாண்டியதில்லை. பக்கத்துச் சேனலில் மாமியார் ஒளித்தாள், என் தொடரில் அக்கா. அவ்வளவுதான் நான் யோசித்தது.

நான் எழுதிக் கொடுத்த வரி இது: "பெரியவள் கடிதத்தை அலமாரியில் மறைக்கிறாள்." தாளை விரித்தது செட்டுக்காரர். மூன்றாவது தட்டு கேமராமேன் சொன்னது. அந்த நடிகையின் உயரத்துக்கு அங்கே வைத்தால்தான் முகமும் கையும் ஒரே ஃப்ரேமில் வருமாம்.

'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்ற வரியை ஒன்பது வருடம் திருத்தினேன். சில நாள் அந்த ஒரே வரியை நாற்பது முறை படிப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லிச் சிரிப்பேன், நீயும் சிரிப்பாய்.

அந்த உறையை அனுப்பிவை. கூட எதுவும் எழுத வேண்டாம்.


ஜூலை 9, புதன்

அனுப்பியிருக்கிறேன். எழுதாதே என்றாய், ஆனால் வெறும் உறையைப் பார்த்தால் யார் அனுப்பியது என்று கூரியர்காரர் குழம்புவார். கட்டுப் பிரித்துவிட்டார்கள். கால் இளைத்திருக்கிறது.


ஜூலை 30, புதன்

வாயாடிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து எதுவும் இல்லை. நான் எட்டு மணி சீரியலையே கடிதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரியவளை அவள் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டாய். பதினேழு எபிசோடாக அவள் வரவில்லை. அந்த வீட்டில் யாருமே அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலியைக்கூட எடுத்துவிட்டீர்கள்.

ஒன்பது மணி தொடரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். சாவிக்காரர் பூட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றாவது தட்டுதான் கண்ணில் நிற்கிறது. பாட்டுப் போட்டியில் நன்றாகப் பாடிய பெண்ணை வெளியே அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி நடுவரோடு சேர்ந்து நானும் அழுதேன். துணிக்கடைக்காரிக்கு ஒரே ஆச்சரியம்.

கிளினிக்குக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். நேற்று ஒரு அம்மா, "எட்டு மணி சீரியல்ல அந்த அக்காவைக் காணோமே, நல்லா இருந்துச்சு, ஏன் தூக்கிட்டாங்க?" என்று கேட்டார். ஏதோ வேலையாக இருப்பாள், வருவாள் என்றேன். வருவாளா?

அக்கா


ஆகஸ்ட் 12, செவ்வாய்

அக்கா,

உறையை ஒரு மாதம் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நேற்று மதியம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிரித்தேன். மேலே அந்த ஆள் நடந்துகொண்டிருந்தார்.

அது அழைப்பு இல்லை. உள்ளே இருந்தது நான் அனுப்பிய கதை, பதினோரு பக்கம். திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கனம் அதனால்தான். கடைசிப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் யாரோ எழுதியிருக்கிறார்: "நடை சரளமாக இருக்கிறது. ஆனால் அக்கா பாத்திரத்தை நம்ப முடியவில்லை. தனக்கு வந்த வாய்ப்பைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நிற்கும் அளவுக்கு நல்லவள் எந்த வீட்டிலும் இருக்க மாட்டாள். தேர்வாகவில்லை."

என்ன கதை எழுதினேன் என்றே எனக்கு மறந்துபோயிருந்தது. பதினோரு பக்கமும் நீதான் இருக்கிறாய். கரண்டியைத் தட்டவில்லை, குழாயைத் திருகவில்லை, எதற்கும் கோபப்படவில்லை. இருபத்தொரு வயதில் நான் உன்னை அப்படித்தான் நினைத்திருக்கிறேன். படித்துவிட்டு ஜெனரேட்டர் பக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். புகையால் கண் எரிகிறது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

இதோடு போயிற்று என்று நினைக்காதே. நீ ஒளித்தது என் அழைப்பு என்று நினைத்துத்தான் ஒளித்தாய். உள்ளே என்ன இருந்தது என்பதால் அது மாறாது. நான் வாசலில் நின்றதை ஜன்னலில் நின்று பார்த்தாயே, அது எனக்கு ஆறவில்லை. எப்போது ஆறும் என்று தெரியவில்லை.

ஆனால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். பெரியவளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மேலிடத்தில் ஒரே நச்சரிப்பு. செப்டம்பர் நாலாம் தேதி தங்கை அலமாரியைத் திறந்து கடிதத்தை எடுக்கிறாள். அப்போது பெரியவள் பேச வேண்டும். நாலு தடவை எழுதிவிட்டேன். நாலு தடவையும் கடைசியில் நல்லவளாகிவிடுகிறாள். அந்தச் சிவப்பு மைக்காரர் பின்னால் நின்று சிரிப்பது போலவே இருக்கிறது.

நீ எழுதிக் கொடு. விண்ணப்பம் போட்டவள்தானே.

வாயாடி


செப்டம்பர் 5, வெள்ளி

வாயாடிக்கு,

நான் எழுதிக் கொடுத்ததில் மூன்று வரியை வெட்டியிருக்கிறாய். "எனக்கும் எழுதத் தெரியும்" என்ற வரியை எதற்கு வெட்டினாய்? இருந்ததிலேயே நல்ல வரி அதுதான். உனக்குப் பொறுக்கவில்லை, வேறென்ன?

மற்றபடி பரவாயில்லை. இந்த முறை நிஜமாகவே பரவாயில்லை. உன் மாமா செய்தியைத் தியாகம் செய்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார். தங்கை கடிதத்தை நீட்டிக்கொண்டு, "ஏன்க்கா?" என்று கேட்கிறாள். பெரியவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு வரல. உனக்கு வந்துச்சு. அவ்வளவுதான்" என்கிறாள். அந்த நடிகை இதைச் சொல்லும்போது தங்கையைப் பார்க்காமல் துணியின் ஓரத்தையே நீவிவிட்டாள். அதை நான் எழுதவில்லை. நீயும் எழுதியிருக்க மாட்டாய். அவளாகவே செய்திருக்கிறாள். எனக்குக் கைதட்டத் தோன்றியது. அவளைவிட நான் நன்றாகச் செய்திருப்பேன் என்றும் தோன்றியது.

துணிக்கடைக்காரி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம், "சீரியல்னா என்ன வேணா எழுதுவாங்களா? கூடப் பொறந்தவ இப்படிச் செய்வாளா?" என்று என்னைக் கேட்டாள்.

"செய்வா" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து போனாள். பெயர்கள் ஓடும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள், அதனால் பார்க்கவில்லை. நீ எனக்கு முன்கூட்டிச் சொல்லவே இல்லை. 'வசனம்' என்று போட்டு உன் பெயர், அதற்குக் கீழே என் பெயர். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். உன் பெயர் இரண்டு வினாடி, என் பெயரும் அதே இரண்டு வினாடி. உன் எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது.

அக்கா